உடம்புகிட்ட கேட்டாத்தான் கிடைக்கும்: உடற்பயிற்சி உள்ளுக்குள்ள என்ன செய்யுது?

சில வருஷத்துக்கு முன்னாடி கீழ விழுந்து இடது மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். கட்டைப் பிரிச்ச அன்னைக்குப் பார்த்தது இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது. தோல் வெளுத்து செதில் செதிலா இருந்துச்சு, ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா இடது முன்கை வேற யாரோடதோ மாதிரி ஒல்லியா கிடக்கு, தண்ணி பாட்டில் மூடியைத் திருகப் போனா விரல் நடுங்குது. எலும்பு நல்லாவே கூடிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. சரி, அப்ப சதை எங்க போச்சு? நான் சாப்பாட்டைக் குறைக்கல, காய்ச்சல்னு படுக்கல, ரெண்டு கைக்கும் ஓடினது அதே ரத்தம்தான். ஒரே வித்தியாசம், வலது கைகிட்ட தினமும் வேலை கேட்டேன், இடது கைகிட்ட ஆறு வாரமா ஒண்ணுமே கேக்கல.

உடற்பயிற்சியைப் பத்தி புரிஞ்சுக்க வேண்டியதுல முக்கால்வாசி அந்த ஒல்லிக் கையிலயே இருக்கு. உடம்புக்கும் நல்லது மூளைக்கும் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எப்படி நல்லதுன்னு கேட்டா கொழுப்பு கரையும், கெட்டதெல்லாம் வேர்வையில போயிடும், மூளைக்கு ரத்தம் ஏறும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதுல கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு, நிறைய அரைகுறை. அதனால அடியில இருந்து ஒவ்வொண்ணா பார்க்கலாம், டாக்டருக்குப் படிச்சிருக்கணும்னு எல்லாம் இல்ல.

முதல்ல வெயிட்டை ஓரமா வைப்போம்

நிறைய பேர் வெயிட் குறைக்கணும்னுதான் நடக்க ஆரம்பிக்கிறாங்க, ஒரு மாசம் கழிச்சு மெஷின்ல ஏறிப் பார்த்தா முள்ளு அங்கயே நிக்குது, "நமக்கு இது வேலைக்கு ஆகாது"ன்னு விட்டுடுறாங்க. இதைப் பார்க்குறப்பதான் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்த ஒரு மாசத்துல அவங்க உடம்புக்குள்ள எவ்வளவோ நல்லது நடந்திருக்கும், அதை அந்த மெஷினால காட்ட முடியாது.

70 கிலோ இருக்குற ஒருத்தர் ஒரு மணி நேரம் வேகமா நடந்தா சுமாரா 300 கலோரி செலவாகும். கலோரின்னா வேற ஒண்ணும் இல்ல, சாப்பாட்டுல இருக்குற சக்தியை அளக்குற அளவு. அந்த 300-ஐ சாப்பாட்டு மேசையில அஞ்சே நிமிஷத்துல திருப்பி எடுத்துடலாம், போதாததுக்கு நடந்த பசி வேற இருக்கும். அதனால சாப்பாட்டை மாத்தாம வெறும் நடையால மட்டும் வெயிட் பெருசா குறையாது, இது உங்க தப்பும் இல்ல நடையோட தப்பும் இல்ல. குறைஞ்ச வெயிட் திரும்ப ஏறாம பிடிச்சு வைக்கிறதுல உடற்பயிற்சி நல்லாவே உதவும்.

வேர்வையைப் பத்தியும் ஒரு வார்த்தை. வேர்வைங்கிறது உடம்பு சூட்டைத் தணிக்கிற வழி, அவ்வளவுதான். வேர்க்க வேர்க்க ஓடிட்டு வந்து மெஷின்ல அரைக்கிலோ குறைஞ்சிருந்தா அது தண்ணி, ரெண்டு டம்ளர் குடிச்சதும் திரும்பிடும். கழிவை வெளியேத்துறது கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்குற வேலை. அப்போ கரையிற கொழுப்பு எந்த வழியா வெளிய போகுது? மூச்சு வழியா! 2014ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டாங்க, 10 கிலோ கொழுப்பு முழுசா கரைஞ்சா அதுல 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போயிடுது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணியா மாறுது. எனக்கு இது முதல்ல நம்பவே முடியல.

உடம்பு பார்த்துப் பார்த்து செலவு பண்ற வீடு மாதிரி

அளவான வருமானத்துல ஒரு குடும்பம் எப்படி நடக்கும்? ஆள் இல்லாத ரூம்ல லைட்டை அணைச்சுடுவாங்க, தினமும் புழங்குற பாத்திரம் முன்னாடி இருக்கும், புழங்காதது பரணுக்குப் போயிடும். உடம்பும் அப்படித்தான். சதை, எலும்பு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் வச்சுப் பராமரிக்கவே தினமும் சக்தி செலவாகுது, பயன்படாததை எதுக்கு வச்சிருக்கணும்னு அது கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கும். அதே மாதிரி ஒரு வேலையைத் திரும்பத் திரும்பக் கேட்டா "சரி, இது தினமும் வேணும் போல இருக்கு"ன்னு அந்த இடத்துல கூடுதலா செலவு பண்ணி வசதி பண்ணிக்கும். உடம்பு இப்படி தேவைக்குத் தக்கபடி தன்னையே மாத்திக்கிறதுக்குப் பேருதான் தகவமைப்பு. உடற்பயிற்சிங்கிறது இந்தத் தகவமைப்பைக் கேட்டு வாங்குற ஒரு மனு மாதிரி.

இதுல பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. உடற்பயிற்சி பண்ணிட்டு இருக்குற அந்த அரை மணி நேரத்துல உடம்பு நல்லா ஆகுறதில்ல, சொல்லப்போனா அப்போ பிரஷர் ஏறியிருக்கும், துடிப்பு எகிறியிருக்கும், தசை நார்கள்ல சின்னச் சின்னதா கீறல் விழுந்திருக்கும், தசையில சேர்த்து வச்ச சர்க்கரை குறைஞ்சிருக்கும். அந்த நேரத்துல ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்தா யாரோ உடம்பு சரியில்லாதவரோட ரிப்போர்ட்டோன்னு கூட தோணலாம். அதுக்கப்புறம் வர்ற ஓய்வுலயும் தூக்கத்துலயும்தான் உடம்பு சரிபண்ற வேலையைச் செய்யுது, பழைய அளவோட நிறுத்தாம கொஞ்சம் கூடவே சேர்த்துக் கட்டுது. அதனாலதான் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு விடிகாலையில எந்திரிச்சு ஓடுறது பாதி வேலையை மட்டும் பண்ற மாதிரி, மனு போட்டாச்சு ஆனா வேலை நடக்க நேரம் கொடுக்கல.

கேக்கலைன்னா எவ்வளவு வேகமா குறையும்? 1966ல அமெரிக்காவுல டாலஸ் நகரத்துல ஒரு சோதனை நடந்துச்சு. ஆரோக்கியமான அஞ்சு இளைஞர்கள், எல்லாருக்கும் 20 வயசு, மூணு வாரம் படுக்கையிலயே இருக்க வச்சாங்க. முன்னாடியும் பின்னாடியும் ஒரு விஷயத்தை அளந்தாங்க, உடம்பு முழு மூச்சா உழைக்கிறப்ப ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும்னு. இதுக்கு வி.ஓ.2 மேக்ஸ்னு பேரு, இதயம் நுரையீரல் ரத்தம் தசை நாலும் சேர்ந்து எவ்வளவு திறமையா வேலை செய்யுதுன்னு ஒரே எண்ணுல காட்டும். மூணே வாரத்துல அது நாலுல ஒரு பங்குக்கும் மேல குறைஞ்சு போச்சு. இருபது வயசுப் பசங்களுக்கு! அப்புறம் எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் திரும்ப ஏறிடுச்சு. அந்த அஞ்சு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, அவங்ககிட்ட திரும்ப வருவோம்.

இதுவரைக்கும் பார்த்தது: வெயிட் மெஷின் உடற்பயிற்சியோட மார்க் ஷீட் இல்ல. கேக்குற வேலைக்குத் தக்கபடி உடம்பு தன்னை மாத்திக்கும், கேக்கலைன்னா இருக்குறதையும் குறைச்சுக்கும், அந்த மாத்துற வேலை ஓய்வுலதான் நடக்கும்.

இதயம்: சின்ன வாளியும் பெரிய வாளியும்

கிணத்துல தண்ணி இறைக்கிறதை நினைச்சுக்கோங்க. சின்ன வாளியா இருந்தா தொட்டி நிறைய எழுபது தடவை இறைக்கணும், கொஞ்சம் பெரிய வாளின்னா ஐம்பத்தஞ்சு தடவை போதும். சும்மா உக்காந்திருக்கிறப்ப நம்ம உடம்புக்கு நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடணும். ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளுற இதயம் 70 தடவை துடிக்கணும், தொடர்ந்து பயிற்சி பண்ணி ஒரு துடிப்புக்கு 90 மில்லி தள்ளுற அளவுக்கு வளர்ந்த இதயம் அதே வேலையை 55 துடிப்புல முடிச்சுடும். நிமிஷத்துக்கு 15 துடிப்பு மிச்சம்னா ஒரு நாளைக்கு 21,600. பயிற்சி நேரத்துல கூடுதலா துடிக்கிறதைக் கழிச்சாலும் லாபம்தான். ஓடுறவங்க, நீந்துறவங்க நாடி நிதானமா இருக்குறதுக்கு இதான் காரணம். "இதயத்துக்கு இத்தனை துடிப்புன்னு கணக்கு இருக்கு, ஓடி வீணாக்காதீங்க"ன்னு சிலர் சொல்லுவாங்கல்ல, அந்தக் கணக்கையே எடுத்துப் பார்த்தாலும் ஓடுறதுதான் சிக்கனம்.

ரத்தக்குழாய்லயும் மாற்றம் நடக்குது. குழாயோட உள்பக்கம் ஒரு மெல்லிய தோல் மாதிரி செல் அடுக்கு இருக்கு. ரத்தம் வேகமா உரசிட்டு ஓடுறப்ப அந்த அடுக்கு நைட்ரிக் ஆக்சைடுங்கிற ஒரு வாயுவை சுரக்குது, அது குழாயைச் சுத்தி இருக்குற தசையைத் தளர்த்தி வழியை அகலமாக்குது. இந்த வாயு இப்படி தகவல் சொல்ற வேலையைப் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சதுக்காகத்தான் 1998ல மூணு பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைச்சுது. தினமும் கொஞ்ச நேரமாவது ரத்தம் வேகமா ஓடினா குழாய் இந்த வேலையை மறக்காம வச்சிருக்கும், பிரஷர் மெல்ல இறங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி தோணும், ஆனா ஒரு காலத்துல உடல் உழைப்புக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருமே உறுதியா சொல்லல. லண்டன்ல ஜெரமி மோரிஸ்ங்கிற டாக்டர் இரட்டை மாடி பஸ்ல வேலை பார்த்தவங்களைப் பார்த்தாரு. டிரைவர் நாள் பூரா உக்காந்திருக்காரு, கண்டக்டர் நாள் பூரா படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்குறாரு, ஒரே கம்பெனி, ஒரே பஸ். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு டிரைவர்களை விட நல்லாவே குறைச்சலா இருந்துச்சு, வந்தாலும் அதுல உடனே சாகுறதும் குறைச்சலா இருந்துச்சு. 1953ல அதை வெளியிட்டாரு. "ஒல்லியா இருக்குறவங்க கண்டக்டர் வேலைக்குப் போயிருக்கலாமே"ன்னு கேள்வி வந்துச்சு, நியாயமான கேள்விதான். அவரு அவங்க யூனிஃபார்ம் பேண்ட் இடுப்பளவு வரைக்கும் எடுத்துப் பார்த்தாரு, டிரைவருங்க இடுப்பு பெருசாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே மாதிரி இடுப்பளவு உள்ளவங்களை வச்சுப் பார்த்தப்பவும் கண்டக்டருங்க பக்கம்தான் ஆபத்து கம்மி. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது என்னன்னா அந்த கண்டக்டர் யாருமே ஜிம்முக்குப் போகல, யாரும் அதை உடற்பயிற்சின்னு நினைக்கக்கூட இல்ல, படி ஏறினாங்க, அவ்வளவுதான்.

சர்க்கரைக்கு இன்னொரு வாசல்

சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறும், அது தசைக்குள்ள போகணும். தசை செல்லோட சுவர்ல சர்க்கரைக்குன்னு கதவு எப்பவும் திறந்து இருக்காது, கதவையெல்லாம் செல்லுக்குள்ள அடுக்கி வச்சிருக்கு. கணையத்துல சுரக்குற இன்சுலின்ங்கிற ஹார்மோன் வந்து வெளிய இருந்து கூப்பிட்டாத்தான் அந்தக் கதவுங்க உள்ள இருந்து நகர்ந்து சுவருக்கு வரும், சர்க்கரை உள்ள போகும். சிலருக்கு இன்சுலின் இருக்கும், கூப்பிடவும் செய்யும், ஆனா செல்லு காது கேக்காத மாதிரி இருக்கும், இதைத்தான் இன்சுலின் எதிர்ப்புன்னு சொல்றாங்க, இரண்டாம் வகை சர்க்கரை நோயோட தொடக்கம் பெரும்பாலும் இங்கதான்.

இப்ப அழகான விஷயம். தசை சுருங்கி விரியிறப்ப, அதாவது நடக்குறப்ப, படி ஏறுறப்ப, அதே கதவுங்க இன்சுலின் கூப்பிடாமலேயே சுவருக்கு வந்துடும். வெளிய இருந்து கூப்பிட்டா காது கேக்கல, ஆனா உள்ள இருக்குற வேலையாளுக்குப் பசிச்சா தானே எந்திரிச்சு வந்து கதவைத் திறக்குறான். பயிற்சி முடிஞ்ச அப்புறமும் ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள் வரைக்கும் அந்தத் தசைக்கு இன்சுலின் குரல் வழக்கத்தை விட நல்லா கேக்கும், அப்புறம் மங்கிடும். அதனாலதான் சர்க்கரை இருக்குறவங்க தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல இடைவெளி விடாதீங்கன்னு சொல்றது. ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் நடக்குறதை விட அதையே பிரிச்சு நாலஞ்சு நாள் நடக்குறது இதுக்கு நல்லா வேலை செய்யும்.

அமெரிக்காவுல சர்க்கரை நோய் வர்ற விளிம்புல இருந்த 3,234 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2002ல முடிவு வந்துச்சு. வாரம் 150 நிமிஷ உடற்பயிற்சி, சாப்பாட்டு மாற்றம், வெயிட்ல 7 சதவீதம் குறைக்கிறதுன்னு ஒரு குழுவுக்கு இலக்கு, இன்னொரு குழுவுக்கு சர்க்கரை நோய்க்குக் கொடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரை, மூணாவது குழுவுக்கு சும்மா ஒரு டம்மி மாத்திரை. டம்மி மாத்திரை எடுத்தவங்களோட ஒப்பிட்டா மெட்ஃபார்மின் குழுவுல சர்க்கரை நோய் வர்றது 31 சதவீதம் குறைஞ்சுது, வாழ்க்கை முறையை மாத்துனவங்களுக்கு 58 சதவீதம். இதுல சாப்பாட்டோட பங்கும் வெயிட் குறைஞ்சதோட பங்கும் சேர்ந்துதான் இருக்கு, எல்லாப் பெருமையையும் நடைக்கே கொடுக்கக்கூடாது. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க, ஒரு நல்ல மாத்திரையை விட.

தசைக்குள்ள இன்னொரு மாற்றமும் நடக்குது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாப்பாட்டையும் ஆக்சிஜனையும் சேர்த்து சக்தியா மாத்துற குட்டி அடுப்புங்க இருக்கு, மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. 1967ல ஜான் ஹாலோசிங்கிற விஞ்ஞானி எலிகளை சில வாரம் ஓட வச்சுப் பார்த்தப்ப தசையில அந்த அடுப்புகளோட திறன் ரெண்டு மடங்கா ஏறியிருந்துச்சு. முதல் வாரம் மூச்சு வாங்கின அதே படிக்கட்டு ரெண்டாவது மாசம் சாதாரணமா இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி இந்த அடுப்புங்க இருக்கு.

எலும்புக்கும் இதே விதிதான். டென்னிஸ் ஆடுறவங்களுக்கு மட்டை பிடிக்கிற கை எலும்பு மத்த கையை விட தடிமனா இருக்கும், விண்வெளியில எடையே இல்லாம மிதக்குற வீரர்களுக்கு இடுப்பு மாதிரி எடை தாங்குற எலும்புல மாசத்துக்கு 1 சதவீதம் அளவுக்கு அடர்த்தி குறையும். எலும்பு மேல பாரம் விழணும், அப்பத்தான் அது தன்னைக் கட்டிக்கும்.

சரி, காலை ஆட்டினா மூளைக்கு என்ன?

இங்கதான் எல்லாரும் ரொம்ப மேலோட்டமா பேசுறாங்க, "மூளைக்கு ரத்தம் பாயும், ஷார்ப் ஆகும்"னு. கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான், ஆனா ஓய்வா இருக்குறப்ப செலவாகுற சக்தியில சுமார் 20 சதவீதத்தை அதுவே தின்னுடும். அப்படிப்பட்ட உறுப்புக்கு சப்ளை லைன் சுத்தமா இருக்கணும். முன்னாடி பார்த்த பிரஷர், சர்க்கரை, ரத்தக்குழாய் இதெல்லாம் மூளையோட கதையும்தான், மூளைக்குள்ள இருக்குற தலைமுடியை விட மெல்லிய குழாய்ங்கதான் பிரஷராலயும் சர்க்கரையாலயும் அடி வாங்குது. பக்கவாதமும் மறதி நோயில ஒரு பகுதியும் இந்தக் குழாய் பிரச்சனையில இருந்து வருது. ஆக மூளைக்குக் கிடைக்கிற முதல் லாபம் ரொம்ப சாதாரணமானது, இதயத்துக்கு நல்லது பண்ணினா அது தானா மேல போய்ச் சேரும்.

ரெண்டாவது லாபம் மூளைக்குள்ளயே நடக்குறது. மூளையில ரெண்டு பக்கமும் காதுக்கு உள்பக்கமா ஹிப்போகேம்பஸ்னு சின்னதா ஒரு பகுதி இருக்கு, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு இருக்கும், பேரும் அதுல இருந்து வந்ததுதான். நேத்து யாரைப் பார்த்தோம், வண்டியை எங்க நிறுத்தினோம், இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவுக்கு எப்படிப் போறது, இந்த மாதிரி புது ஞாபகத்தைப் பதிய வைக்கிறது இதோட வேலை. வயசாக ஆக இது கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும்.

மூளை செல்லுங்க உயிரோட இருக்கவும் ஒண்ணோட ஒண்ணு புதுசா இணைப்பு போடவும் உதவுற ஒரு புரதம் இருக்கு, பி.டி.என்.எஃப்னு சுருக்கமா சொல்லுவாங்க. 1982ல பன்றியோட மூளையில இருந்து இதைப் பிரிச்சு எடுத்தாங்க. செடிக்கு உரம் மாதிரின்னு வச்சுக்கலாம். மிருகங்களை ஓட வச்சப்ப ஹிப்போகேம்பஸ்ல இந்த உரம் கூடுதுன்னு திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க, மனுஷங்களுக்கு பயிற்சிக்கு அப்புறம் ரத்தத்துல இதோட அளவு ஏறுறதைப் பார்த்திருக்காங்க.

ஒற்றையடிப் பாதையைக் கவனிச்சிருக்கீங்களா? ஆளுங்க நடக்க நடக்கத்தான் அது பாதை, நடக்குறது நின்னா ரெண்டு மழையில புல்லு மூடிடும். மூளை செல்லுங்களுக்கு நடுவுல இருக்குற இணைப்பும் அப்படித்தான், புழங்கினா பலமாகும், விட்டா மங்கும். பி.டி.என்.எஃப் புதுப் பாதை போடுறதுக்கு மண்ணை இளக்கி வைக்குது. ஆனா பாதையைப் போடுறது நீங்க கத்துக்குற விஷயம்தான், அதனால நடந்துட்டு வந்து சும்மா இருந்தா தானா அறிவு வளரும்னு அர்த்தம் இல்ல, நடந்துட்டு வந்து உக்காந்து படிச்சா அது கொஞ்சம் நல்லா பதியும்.

2011ல வெளிவந்த ஒரு ஆய்வைப் பத்தி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. வயசான 120 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேரை வாரம் மூணு நாள் 40 நிமிஷம் வரைக்கும் நடக்க வச்சாங்க, மீதிப் பேருக்கு கை காலை நீட்டி மடக்குற லேசான பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் எடுத்தப்ப நடந்தவங்க ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருசாகியிருந்துச்சு, மத்தவங்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்துச்சு. கேக்க ரொம்ப சந்தோஷமா இருக்கு, ஆனா அதுக்கப்புறம் வந்த எல்லா ஆய்வுலயும் இதே அளவு மாற்றம் தெரியல, சிலதுல சுருங்காம நின்னுச்சு, சிலதுல பெருசா வித்தியாசமே இல்ல. அதனால "நடந்தா மூளை வளரும்"னு அடிச்சுப் பேசுறவங்களை நம்பாதீங்க. ஓடுற எலிக்குப் புது மூளை செல் பிறக்குதுன்னு 1999ல காட்டினாங்க, பெரியவங்க மூளையில அப்படிப் புது செல் எவ்வளவு பிறக்குதுன்னு விஞ்ஞானிங்க நடுவுலயே இன்னும் வாக்குவாதம் இருக்கு. உறுதியா சொல்ல முடியிறது இவ்வளவு: தொடர்ந்து உடம்பை அசைக்கிறவங்களுக்கு மறதி நோய் வர்றது சராசரியா குறைச்சல், பயிற்சி பண்ணின உடனே கொஞ்ச நேரத்துக்கு கவனம் கூர்மையாகுது. வரவே வராதுன்னு யாராலயும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. நல்லா நடந்துட்டு இருந்தவங்களுக்கும் மறதி நோய் வந்திருக்கு, அது அவங்க செஞ்ச குத்தம் இல்ல.

மனசு லேசாகுறது எதனால

நல்லா ஓடிட்டு வந்தா ஒரு நிம்மதி வரும்ல, அதுக்கு எண்டார்ஃபின்தான் காரணம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. எண்டார்ஃபின்ங்கிறது உடம்பு தானே சுரக்குற வலி நிவாரணி. ஆனா ரத்தத்துல சுரக்குற எண்டார்ஃபின் மூளைக்குள்ள சுலபமா நுழைய முடியாது, மூளையைச் சுத்தி ஒரு கட்டுக்காவல் இருக்கு. அந்தக் காவலைத் தாண்டக்கூடிய இன்னொண்ணு இருக்கு, 1992ல கண்டுபிடிச்சது, பயிற்சியில அதோட அளவும் ஏறுது. அதுக்கு வச்ச பேரு அனந்தமைடு, நம்ம ஆனந்தம்ங்கிற சொல்லுல இருந்து எடுத்தது. எலிகள்ல சோதிச்சப்ப ஓட்டத்துக்கு அப்புறம் பயம் குறையிறதுக்கும் வலி குறையிறதுக்கும் அனந்தமைடும் அது மாதிரியான பொருள்களும்தான் முக்கியமா வேலை செஞ்சுது.

மன அழுத்த நோய்க்கும் இதுல இடம் இருக்கு. 1999ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல 50 வயசு தாண்டின 156 நோயாளிகளை மூணா பிரிச்சு, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மாத்திரை, ஒரு குழுவுக்கு ரெண்டும்னு 16 வாரம் பார்த்தாங்க. கடைசியில மூணு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தாங்க, மாத்திரை கொஞ்சம் சீக்கிரமா வேலையைக் காட்டுச்சு. தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைத் தானா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசி நடையையும் சேர்த்துக்கலாமான்னு கேளுங்க. மன அழுத்தத்துல இருக்குறவங்களுக்கு கட்டில்ல இருந்து எந்திரிக்கிறதே மலை ஏறுற மாதிரி, அவங்ககிட்ட போய் "வாக்கிங் போனா சரியாயிடும்"னு லேசா சொல்லிட்டுப் போறது ரொம்பத் தப்பு. கூட எந்திரிச்சு செருப்பு மாட்டிட்டு அஞ்சு நிமிஷம் நடந்துட்டு வாங்க, அது உதவி.

மூளையைப் பத்தி பார்த்தது: குழாய் சுத்தமாகுறது ஒரு வழி, பி.டி.என்.எஃப் உரம் ஒரு வழி, அனந்தமைடு ஒரு வழி. இதோட தூக்கமும் ஆழமாகுது, அது மத்த மூணுக்கும் துணை.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு, பெரியவங்களுக்கு வாரம் 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, இல்லன்னா 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையான பயிற்சி, கூட வாரம் ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தர்ற பயிற்சி. மிதமானதுன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாட்ச் எதுவும் வேண்டாம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அது மிதமானது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா அது கடுமையானது. பாட்டே பாடிட்டுப் போக முடியுதுன்னா இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். முன்னாடியெல்லாம் தொடர்ந்து பத்து நிமிஷமாவது பண்ணினாத்தான் கணக்குன்னு சொல்லுவாங்க, அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க, மூணு நிமிஷம் படி ஏறினாலும் கணக்குல சேரும். சும்மாவே இருந்தவங்க கொஞ்சம் அசைய ஆரம்பிக்கிறப்பதான் பலன் ரொம்ப அதிகம், 150ஐ எட்டலையேன்னு 40 நிமிஷத்தை விட்டுடாதீங்க.

தசைப் பயிற்சியை எல்லாரும் விட்டுடுறாங்க, அதுவும் வயசானவங்க "இந்த வயசுல எதுக்கு"ன்னு. 30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை குறையும், நாற்காலியில கையை ஊனாம எந்திரிக்க முடியலன்னா அதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். 1990ல அமெரிக்காவுல முதியோர் இல்லத்துல இருந்த 86ல இருந்து 96 வயசு வரைக்கும் உள்ள 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பாரம் தூக்குற பயிற்சி கொடுத்தாங்க, நல்ல கனமான பாரம். முடிச்சவங்களுக்கு கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு, அதாவது கிட்டத்தட்ட மூணு மடங்கு. தொண்ணூறு வயசுல! வீட்டுல ஆரம்பிக்கிறவங்க நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறதைப் பத்து தடவை, சுவர்ல கையை வச்சு தள்ளுறதைப் பத்து தடவைன்னு தொடங்கலாம், பத்து சுலபமானா பன்னெண்டு.

புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு மறுநாளோ அதுக்கு மறுநாளோ உடம்பு வலிக்கும், லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுன்னு சொல்லுவாங்க. அது பயிற்சி முடிஞ்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே வடிஞ்சிடும், ரெண்டாவது நாள் வலி முன்னாடி சொன்ன அந்த நுண்ணிய கீறல் ஆறுறப்ப வர்றது, ரெண்டு மூணு நாள்ல போயிடும். மூட்டுல குத்துற வலி, நெஞ்சுல அழுத்தம், தலை சுத்தல் இதெல்லாம் வேற, உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும். ஏற்கெனவே இதய நோய், ரொம்ப ஏறின பிரஷர், இன்சுலின் ஊசி போடுற சர்க்கரை இருக்குறவங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கேட்டுக்கோங்க.

அந்த அஞ்சு பேர்

என் கை தேற மூணு மாசம் ஆச்சு. முதல் வாரம் ஒரு ஸ்பான்ஜ் பந்தைக்கூட முழுசா அமுக்க முடியல, தினமும் பல் தேய்ச்சதும் ஒரு தடவை, தூங்கப் போறப்ப ஒரு தடவை அதை அமுக்கிட்டே இருந்தேன், ஒரு நாள் காலையில யோசிக்காமலே இடது கையால பாட்டில் மூடியைத் திறந்துட்டேன், திறந்த அப்புறம்தான் கவனிச்சேன்.

டாலஸ்ல மூணு வாரம் படுத்திருந்த அந்த அஞ்சு பேரையும் 1996ல திரும்பத் தேடிப் பிடிச்சாங்க. இப்போ எல்லாருக்கும் ஐம்பது வயசு, வெயிட் ஏறியிருக்கு, உடம்புல கொழுப்பு ரெண்டு மடங்கு. வி.ஓ.2 மேக்ஸ் அளந்து பார்த்தா, முப்பது வருஷ வயசு அவங்ககிட்ட இருந்து எடுத்தது, இருபது வயசுல மூணு வாரப் படுக்கை எடுத்ததை விடக் கம்மி. அப்புறம் ஆறு மாசம் பயிற்சி கொடுத்தாங்க, நடை, மெதுவான ஓட்டம், நின்ன இடத்துல மிதிக்கிற சைக்கிள், அவங்கவங்க விருப்பம், கொஞ்சம் கொஞ்சமா கூட்டி கடைசியில வாரம் நாலரை மணி நேரம் வரைக்கும். ஆறு மாசம் முடிஞ்சு அளந்தப்ப அவங்க சராசரி 1966ல படுக்கைக்குப் போறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே திரும்பி வந்திருந்துச்சு. இருபது வயசுல எட்டு வாரப் பயிற்சிக்கு அப்புறம் தொட்ட உச்சத்தை மட்டும் யாராலயும் திரும்பத் தொட முடியல.